‘இது நீயா?’ என்று ஆத்தாளிடம் கேட்டேன்

ஆத்தாளை நம்பிப் பிழைக்கிற என் சனங்களுக்கு அஞ்சலை எழுதுகிறேன். நம் வெள்ளிக்கிழமை பூசைக் குழு போடுகிற சின்னப் புத்தகத்தில், ஆத்தா தனக்குச் செய்ததை ஆளுக்கு ஒன்றாக எழுத வேண்டும் என்று சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணீரோடு எழுதியிருப்பார்கள். நான் கோபத்தோடு எழுதுகிறேன். படிக்கும்போது யாருக்காவது சுருக்கென்று பட்டால், படட்டும். எனக்கு அதைவிட அதிகமாகப் பட்டிருக்கிறது.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். சொந்த நிலம் கிடையாது. நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஒரே மகளைச் சின்னசேலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டோம். கூலி வேலை போக எனக்கு ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. அம்மை பார்க்கிற வேலை. யார் வீட்டிலாவது காய்ச்சலோடு உடம்பில் முத்து போட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பார்த்து, ஆத்தா வந்திருக்கிறாளா, எந்த ஆத்தா, எத்தனை நாள் இருப்பாள், எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று சொல்வேன். நான் சொன்னால் ஊர் கேட்கும். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. என் பெருமையைப் பற்றித்தான் இந்தச் சாட்சியே.

அம்மை வீட்டுக்கு என்று சட்டம் உண்டு, உங்களுக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். குழம்பு தாளிக்கக் கூடாது. ஊசி, மாத்திரை ஆகாது. வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. வந்தே ஆக வேண்டும் என்றால் அன்றைக்குக் கவுச்சி தின்றிருக்கக் கூடாது. தலையோடு குளித்து, ஈரத்துணியோடு, கையில் வேப்பிலையோடு வர வேண்டும். எங்கள் தெருவில் இந்தச் சட்டத்தை என்னைப்போலக் கறாராக நடத்தியவர்கள் யாரும் இல்லை. தங்கை சாவக் கிடக்கிறாள் என்று சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்த அண்ணனைக்கூடக் குழாயடிக்கு அனுப்பிக் குளிக்க வைத்திருக்கிறேன்.

எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் எழுந்து நடந்தார்கள். ஒருத்தி மட்டும் பிழைக்கவில்லை. எதிர்வீட்டுப் பச்சையம்மாவின் மகள் ராணி. என் வீட்டுக்காரர் படுத்ததற்கு ஒரு வருஷம் முன்னால், மழைக்காலத்தில், மலைக்கு வேலைக்குப் போய்வந்து படுத்தாள். ஒன்பதாவது நாள் போய்விட்டாள். “ஆத்தா கூட்டிக்கினு போயிட்டா” என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து பச்சையம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பெற்றவள் துக்கம், தானாக ஆறும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்து அந்தப் பிள்ளைகள். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் வேன் பிடித்து எங்கள் ஊருக்கு வருவார்கள். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இலவசமாக வைத்தியம் பார்ப்பார்கள். எல்லாம் அவர்களே. பெஞ்சு தூக்கிப் போடுவதும் அவர்கள், பிரஷர் பார்ப்பதும் அவர்கள், மருந்து கட்டிக் கொடுப்பதும் அவர்கள். கூட ஒரு பெரிய டாக்டர் வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு மாத்திரை வெளியே போகாது. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் தெருத் தெருவாக நடந்து, பள்ளிக்கூடம் வரை வர முடியாதவர்களை வீட்டிலேயே பார்ப்பார்கள்.

எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. ஒரே கேள்வியை மூன்று பேர் வந்து மூன்று தடவை கேட்பார்கள். எத்தனை நாளாக? எங்கே வலி? என்ன வேலை? எங்கே வேலை? “நம்ம ஒடம்ப வச்சுப் பழகிக்கினு இருக்காங்க. பணக்காரன் ஒடம்புல போய்ப் பழகச் சொல்லு பாப்போம்” என்று குழாயடியில் நான்தான் சொல்லி வைத்தேன். அதைக் கேட்டுப் பாதிப் பேர் போகாமல் இருந்தார்கள். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போன ஐப்பசியில், தீபாவளி முடிந்த கையோடு, என் வீட்டுக்காரர் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போனார். ஒரு கூட்டமாகப் போய் காட்டு ஓரத்துக் கொட்டகையில் தங்கி வேலை செய்தார்கள். பத்து நாள் கழித்து வந்தவருக்கு வந்ததும் வராததுமாகத் தலைவலி. அப்புறம் குளிர். அப்புறம் அனலாகக் கொதிக்கிற காய்ச்சல்.

டவுனில் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேர் வேண்டாம். அங்கே இருந்தவர் ஏழுமலையின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே “காய்ச்சலா? திரும்பிப் படு” என்றார். ஊசி போட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனோம். மறுபடியும் “திரும்பிப் படு.” சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. எங்கே வேலைக்குப் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூலிக்காரன் உடம்பு என்றால் ஊசி குத்துகிற இடம் மட்டும்தான் போலிருக்கிறது. அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் காலையில் சட்டையைக் கழற்றினால், மார்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி.

உண்மையைச் சொல்கிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவரை என்ன நோய் என்றே தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன். ஆத்தா என்றால் எனக்குத் தெரிந்தவள். ஊசிக்கு அடங்காத காய்ச்சல் வேறு என்னவாக இருக்கும்? “ஆத்தா வந்திருக்கா” என்று வாசலில் நின்று சொன்னேன். வேப்பிலை செருகினேன். அடுப்பில் தாளிப்பை நிறுத்தினேன். டவுன் மாத்திரைகளைத் தூக்கிக் கூரையில் சொருகினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அவர் உடம்பு முழுக்கப் பூசினேன்.

பூசும்போது ஒன்றைப் பார்த்தேன். இடுப்பில் அரைஞாண் கயிற்றுக்கு அடியில், இடது பக்கம், கறுப்பாக ஒரு பொருக்கு. நெருப்பில் சுட்டதுபோல இருந்தது. “இன்னாங்க இது?” என்று கேட்டேன். “தெரியல புள்ள, வலிக்கல” என்றார். கயிறு அறுத்த புண் என்று நினைத்தேன். அதன் மேலேயும் ஒரு கை மஞ்சளை அள்ளி அப்பிக் கயிற்றை இழுத்து விட்டேன். என் கையால்தான் மூடினேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அம்மை முத்து என்றால் இரண்டு மூன்று நாளில் நீர் கோக்கும். இவருக்குக் கோக்கவில்லை. புள்ளி புள்ளியாகவே இருந்தது. கேட்டவர்களிடம் “உள் அம்மை, வெளிய வர மாட்டேன்றா” என்றேன். தெரியாததற்கு நான் வைத்த பேர் அது. ராணிக்கும் அதே பேரைத்தான் வைத்திருந்தேன்.

ஏழாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எட்டாம் நாள் பிதற்றினார். செத்துப்போன அவர் அப்பாவைக் கூப்பிட்டு மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். கண்ணெல்லாம் சிவந்து, என்னைப் பார்த்தே “யாரும்மா நீ?” என்றார். இருபத்தி இரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவளைப் பார்த்து. ஆனாலும் வாசல் வேப்பிலையை மாற்றிப் புதிசாகச் செருகினேனே தவிர, வேறு எதுவும் செய்யவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் தெருவில் வந்தார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு பெண் மட்டும் வாசலில் வந்து நின்றாள். கறுத்த, ஒல்லியான பெண். பேர் செல்வி என்று பிறகு தெரிந்தது. வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து படிக்கப் போனவள்.

“அக்கா, உள்ள யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?”

“யாருக்கும் இல்ல. ஆத்தா வந்திருக்கா. போ.”

“எத்தினி நாளாங்க காய்ச்சல்?”

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. “இன்னா, ஆரமிச்சிட்டியா? செருப்போட வந்து அம்மை வூட்டு வாசல்ல நிக்கிறியே, அறிவிருக்குதா? படிச்சுப் பழக எங்க ஒடம்புதான் கெடச்சுதா ஒங்களுக்கு?”

அவள் செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கும் கோபம்தான் வந்தது. “ஆமாங்க, படிக்கத்தான் வந்தோம். படிச்சத வச்சுத்தான் கேக்கறேன். கொப்புளத்துல தண்ணி கோத்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

மூன்று நாளாக என் மனசுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த கேள்வி அது. பதில் சொல்லியிருக்கலாம். “வெளிய போடி!” என்று கத்தினேன்.

“அஞ்சு மணி வரைக்கும் பள்ளிக்கூடத்துலதான் இருப்போம். மூச்சு வாங்கற சத்தம் இங்கயே கேக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் நான் வீட்டுக்குள் திரும்பவில்லை. கதவுக்குச் சங்கிலி போட்டுவிட்டு நேரே கோயிலுக்கு நடந்தேன். மத்தியான நேரம், கோயில் பூட்டியிருந்தது. கம்பிக் கதவு வழியாக ஆத்தாளைப் பார்த்தேன். காலையில் சாத்திய அரளிப்பூ தோளில் இருந்தது. நான் கும்பிடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சண்டை போட்டேன்.

“இது நீயா?” என்று கேட்டேன். “வருஷா வருஷம் தீ மிதிக்கிறேன். உன் பேரைச் சொல்லித்தான் இந்த ஊரே என்னை மதிக்குது. நீயா இருந்தா, உன் வேலைக்காரி கேக்கறேன், எறங்கிப் போ. நீ இல்லன்னா, உன் பேரைச் சொல்லிக்கினு வேற எவனோ என் வூட்டுல குந்திக்கினு இருக்கான். அதப் பாத்துக்கினு நீ சும்மா இருப்பியா? நீயா, இல்லையா? இப்பவே சொல்லு. இல்லன்னா இனிமே உன் வாசலை மிதிக்க மாட்டேன்.”

பூ விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. பல்லி சொல்லவில்லை. கம்பிக் கதவை இரண்டு கையாலும் குலுக்கினேன். பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை குலுக்கினேன். ஆத்தா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கோபத்தோடு நான் யாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பியதில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தால் அங்கே அந்தப் பெண் நிற்கிறாள்.

கோட்டைக் காணோம். தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது. வெறுங்கால். நெற்றியில் மஞ்சள். ஒரு கையில் வேப்பிலைக் கொத்து. காலடியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம். குளிரில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“தலையோட குளிச்சிட்டேங்க. இன்னிக்குக் கவுச்சி தின்னல. வேப்பிலை இருக்குது. ஈரத்துணி. இன்னும் இன்னா பாக்கி?” என்றாள். “இப்ப உள்ள விடுங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் இவளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது? நான் வைத்த சட்டத்தை வைத்தே என்னை மடக்குகிறாளே! அண்ணனையே குளிக்க வைத்து உள்ளே விட்டவள் நான். குளித்து வந்தவளை எந்த வாயால் போ என்பேன்? தெருவே வேடிக்கை பார்த்தது. சங்கிலியை எடுத்துவிட்டேன்.

அவள் தலையிலிருந்து ஆரம்பித்தாள். கண் இமையைப் பிரித்துப் பார்த்தாள். விரலில் ஒரு சின்ன கிளிப்பை மாட்டினாள். அதில் வந்த எண்ணைப் பார்த்து அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன். கழுத்து, அக்குள், மார்பு, வயிறு. ஒரு இடம் விடாமல் பார்த்தாள். அவர் எங்கே வேலைக்குப் போனார் என்று கேட்டாள். மலையில் மரவள்ளி என்றேன். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை.

“இந்த அரைஞாணக் கொஞ்சம் தூக்கறேங்க.”

“அங்க ஒண்ணும் இல்ல. கயிறு அறுத்த புண்ணு.”

தூக்கினாள். நான் அப்பிய மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. தன் ஈரத் துப்பட்டாவின் நுனியால் மெதுவாகத் துடைத்தாள். கறுப்புப் பொருக்கு தெரிந்தது.

“கயிறு அறுத்தா இடுப்பச் சுத்திதாங்க அறுக்கும். இது ஒரே எடத்துல, சுட்ட மாதிரி இருக்குது பாருங்க” என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. “மலைப் புதர்ல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குங்க. அது கடிச்ச எடம் இது. உண்ணிக் காய்ச்சல்னு சொல்லுவோம். எங்க ஊர்ப் பக்கமும் நெறைய பேருக்கு வருது. மருந்து இருக்குங்க. ஆனா இப்பவே போவணும்.”

“அப்ப ஆத்தா?” என்று கேட்டேன்.

“இது ஆத்தா இல்லீங்க அக்கா.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கம்பிக் கதவைக் குலுக்கி ‘நீயா, இல்லையா’ என்று நான் கேட்ட கேள்விக்கு, மஞ்சள் பூசி, தலை நனைந்து, வேப்பிலையோடு என் வாசல் ஏறி வந்து பதில் சொன்னது யார்? பூ விழவில்லை என்று நான் திட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தப் பெண்ணைத் திட்டினேன். ஏன் திட்டினேன் என்று கேட்காதீர்கள். எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

அவளால் தானாக மருந்து கொடுக்க முடியாது. அந்த ஈரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். பெரிய டாக்டர் கூடவே வேகமாக வந்தார். புண்ணைப் பார்த்தார், மூச்சை எண்ணினார், கையெழுத்துப் போட்டார். முதல் மாத்திரை என் வீட்டிலேயே, என் கையாலேயே உள்ளே போனது. அவர்கள் வந்த வேனிலேயே ஏழுமலையைப் படுக்க வைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போனார்கள். தெருவில் யாரோ “அம்மை வூட்டுலேர்ந்து ஆளத் தூக்கிக்கினு போறாங்களே, ஆத்தா சும்மா வுடுவாளா?” என்றார்கள். “நான் கேட்டுட்டுத்தான் வந்தேன், நீ வாய மூடு” என்று வேனிலிருந்தே கத்தினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அதே காய்ச்சல்தான் என்றார்கள். நெஞ்சில் நீர் சேர்ந்திருந்ததாம். இன்னும் ஒன்றிரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. கண் திறந்து என்னைப் பார்த்தார். நான் யார் என்று தெரிகிறதா என்று கேட்டேன்.

“தெரியாம இன்னா? நாலு நாளா தாளிக்காத கொழம்ப ஊத்தின மகராசி. மீன் கொழம்பு வச்சுக் குடுப்பியா?” என்றார்.

சிரித்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் போய் ஆத்தாளை நினைத்து விழுந்து கும்பிட்டேன். கும்பிட்டு எழுந்தபோது இன்னொரு நினைப்பு வந்தது. வந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது.

ராணி.

அவளுக்கும் மலை வேலை. அவளுக்கும் நீர் கோக்காத புள்ளி. அவளுக்கும் மூச்சு வாங்கியது. ‘உள் அம்மை’ என்றேன். அவள் உடம்பில் எங்காவது அந்தக் கறுப்புப் பொருக்கு இருந்ததா? எனக்குத் தெரியாது. நான் தேடவில்லை. யாரையும் தேட விடவில்லை. அவள் படுத்திருந்தபோதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ராணியின் அப்பா “பள்ளிக்கூடத்துல புள்ளைங்க வந்திருக்காங்களாமே” என்று மெதுவாகக் கேட்டார். “ஆத்தாளோட வெளையாடறியா?” என்று நான் அதட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

டவுன் ஊசிக்காரர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் என்று மேலே எழுதினேன் அல்லவா? பார்க்காமலே பேர் வைக்கிறவர் என்று. நானும் அதைத்தான் செய்தேன். அவராவது ஆத்தா பேரைச் சொல்லிச் செய்யவில்லை.

ஏழுமலை வீடு திரும்பிய மறுநாள் காலை பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, பொருக்கு, மருந்து. “ராணிக்கும் அதுவாத்தான் இருந்திருக்கணும். நான்தான் தடுத்தேன் பச்சையம்மா” என்றேன். காலில் விழப் போனேன்.

“விழாத” என்றாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அப்புறம் கை கழுவிவிட்டு வீட்டு ஓரத்தைக் காட்டினாள். “அது தெரியுதா?”

அங்கே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம் இருந்தது.

“உன் வூட்டுல வேப்பிலை கட்டின அன்னிக்கு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. எனக்கு வந்தது உனக்கும் வரணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கினேன். தெனம் வேண்டிக்கினேன். அந்த ஞாயித்துக்கெழம நீ அந்தப் பொண்ணத் தொரத்தின. அது கொழாயாண்ட வந்து நின்னுக்கினு அழுதுச்சு. ‘எப்படியாச்சும் உள்ள போவணுங்க, அந்த ஆளு செத்துப் போயிடுவாரு’ன்னுச்சு. நான் குடத்துல தண்ணி புடிச்சுக்கினு இருந்தேன்.” ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். “குளிச்சிட்டு வேப்பிலையோட போனா அவளால தடுக்க முடியாதுன்னு சொன்னேன். குடத்தயும் தூக்கிக் குடுத்தேன். மஞ்சளும் நான்தான் பூசி வுட்டேன். ஏன் செஞ்சேன்னு எனக்கே தெரியல அஞ்சலை. செத்து ஒழியட்டும்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன்.”

“எந்நேரம் அது?” என்று கேட்டேன்.

“நீ கோயிலாண்ட போன நேரந்தான். வேற எப்போ?”

அவள் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் சனங்களே, இதுதான் என் சாட்சி. நான் கம்பிக் கதவைக் குலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஆத்தா கோயிலுக்குள் இல்லை. குழாயடியில் இருந்தாள். என்னால் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கையில் இருந்த குடத்தில் இருந்தாள். என் புருஷன் சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவளையே அவரைப் பிழைக்க வைக்க அனுப்பினாள். இப்படி ஒரு பதிலை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க எனக்கு யோக்கியதையும் இல்லை.

இப்போதும் நான் அம்மை பார்க்கப் போகிறேன். ஆனால் உள்ளே நுழைந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்கிறேன். அரைஞாண் கயிற்றைத் தூக்கிப் பார்க்கிறேன். முதலில் டாக்டரிடம் காட்டு, அப்புறம் வேப்பிலை என்கிறேன். செல்வியின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஞாயிறுகளில் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு தூக்கப் போகிறேன். அந்தப் பிள்ளைகள் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால் நான் பக்கத்தில் நின்று “பதில் சொல்லு, ஒழுங்காச் சொல்லு” என்று அதட்டுகிறேன். நம் உடம்பை வைத்துப் பழகட்டும். மற்றவர்கள் பார்ப்பதுகூட இல்லையே.

என் கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் ஊசி போடுகிறவர்கள் மேல் இருக்கிறது. மலை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மண்ணில் படுக்க வைத்து, காய்ச்சல் வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுகிற மேஸ்திரிகள் மேல் இருக்கிறது. நான் சொன்னதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய உங்கள் மேல் இருக்கிறது. எல்லாவற்றையும்விட என் மேல் இருக்கிறது. போகச் செய் என்று ஆத்தாளிடம் நான் கேட்கவும் இல்லை. இந்தக் கோபம் இருக்கிற வரை யார் வீட்டிலும் பார்க்காமல் பேர் வைக்க மாட்டேன்.

ஆத்தாளை நம்புங்கள். நான் முன்னைவிட அதிகமாக நம்புகிறேன். ஆனால் நம்புகிறவர்கள் கேட்கலாம். சண்டை போட்டுக் கேட்கலாம். ‘இது நீயா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம் இல்லை. நாம்தான் காது கொடுப்பதில்லை.

போன மாசம் மேலத்தெருவில் ஒரு குழந்தைக்கு உண்மையாகவே சின்னம்மை போட்டது. நான் போனபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். வேப்பிலைக்குக் கீழே, வருகிறவர், டாக்டரே ஆனாலும், தலையில் ஊற்றிக்கொண்டு உள்ளே போவதற்குத் தோதாக, நிறையத் தண்ணீரோடு ஒரு சிவப்புக் குடம் இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் உங்கள் வாசலில் ஒன்று வையுங்கள்.